ஒரு எலியாவது இருக்கணும்

சரக், சரக். கொஞ்சம் இடைவெளி. மறுபடி சரக், சரக், அப்புறம் எதிலோ லேசாகத் தட்டுகிற மாதிரி ஒரு டிக். கண்ணைத் திறக்கவில்லை. திறந்து பார்க்க என்ன இருக்கிறது, அது அந்தப் பிளாஸ்டிக் விரிப்புதான், மாமா உட்கார்ந்தபோது அவருக்குக் கீழே சத்தம் போட்ட விரிப்பு. அவர் காலை நகர்த்தினால் சரக், கையை எடுத்து மடியில் வைத்தால் சரக், கடைசியில் மனுஷன் அசையாமலே உட்கார்ந்துகொண்டார், மூச்சைக்கூட யோசித்து விடுகிற மாதிரி, அப்போதும் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அது சத்தம் போட்டது. இல்லை. மாமா இப்போது வண்டியில் இல்லை. போன வாரத்திலிருந்தே இல்லை. அந்த விரிப்பை நான்தான் மடித்து சீட்டுக்குக் கீழே திணித்து வைத்திருக்கிறேன். இந்தச் சத்தம் முன்னாலிருந்து வருகிறது, டேஷ்போர்டுக்கு உள்ளேயிருந்து, யாரோ உள்ளே உட்கார்ந்து காய்ந்த எதையோ பிரித்துப் பிரித்துப் பார்க்கிற மாதிரி. "தலைவா, தூங்கிட்டியா? ஃபேனை ஃபுல்லுல வை" என்று பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மெக்கானிக் எட்வின் கத்துகிறான். கண்ணைத் திறக்கிறேன். தூக்கி நிறுத்திய பானெட் எதிரே முழுசாக மறைத்துக்கொண்டு நிற்கிறது. பல்லாவரத்தில் ரயில் பாதையை ஒட்டின தகரக் கொட்டகை, காலை வெயில் இப்போதே தகரத்தில் ஏறிவிட்டது. ராத்திரி முழுக்க ஏர்போர்ட்டுக்கும் ஊருக்கும் ஓட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்காமல் இங்கே வந்து சாய்ந்திருக்கிறேன், வாயில் தூங்காத வாயின் கசப்பு. ஃபேனை முழுசாகத் திருப்புகிறேன். சத்தம் கூடுகிறது, காற்று கூடவில்லை, மூக்கில் அது வந்து ஏறுகிறது, அந்த வாடை. சட்டென்று குனிந்து என் சட்டைக் காலரை மோந்து பார்க்கிறேன். யாரும் பார்க்கவில்லையே என்று அப்புறம்தான் நிமிர்கிறேன்.

இது இப்போது பழக்கமாகிவிட்டது, மோந்து பார்க்கிறது. சிக்னலில் நின்றால் தோளை உயர்த்தி அக்குளை, யாரும் இல்லாதபோது செருப்பைக் கழற்றிக் காலை, உள்ளங்கையை வாய்க்கு முன்னால் குவித்து ஊதி மூச்சை. தன் வாடை தனக்குத் தெரியாது என்று எங்கேயோ படித்தேன், பயணிகள் சீட்டில் விட்டுப் போகிற பேப்பர், புத்தகம் என்று கிடைத்ததையெல்லாம் படிக்கிறவன் நான், அப்படிப் படித்த எதுவோ ஒன்றில் அது இருந்தது, மூக்கு தன் உடம்பை மன்னித்துவிடுமாம். அதைப் படிக்காமலே இருந்திருக்கலாம். முதலில் ஒரு பெண், கைக்குழந்தையோடு, விடியற்காலை ஃப்ளைட்டில் வந்து இறங்கினவள், ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் குழந்தையின் முகத்தைத் தன் தோளில் புதைத்துப் பிடித்துக்கொண்டாள், தூங்க வைக்கிறாள் என்றுதான் நினைத்தேன், கண்ணாடியில் பார்த்தால் அவளும் துப்பட்டாவை மூக்கில் வைத்திருந்தாள். பிறகு ஒரு பெரியவர், "தம்பி, ஏசி வேணாம், கண்ணாடியை இறக்கிக்கலாமா, வெளிக்காத்து நல்லாருக்கு" என்றார், வெளியே மே மாசத்துப் புழுதி. அவருடைய மரியாதைதான் எனக்கு அதிகமாக எரிந்தது. அப்புறம் கம்பெனி சூப்பர்வைசர், என் பையன் வயசு இருக்கும், ஃபோன் பண்ணிச் சுற்றிச் சுற்றி வந்தான், வண்டி எப்படி ஓடுது, வீட்டுல எப்படி இருக்காங்க, கடைசியில், "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, கஸ்டமர் எழுதியிருக்காங்க, அதனால கேக்கிறேன். டெய்லி குளிக்கிறீங்கல்ல?" நான் "குளிக்கிறேன் சார்" என்றேன். சார் என்றேன் அவனை. "இன்னொரு கம்ப்ளெயிண்ட் வந்தா ஏர்போர்ட் டூட்டியிலேருந்து எடுத்துடச் சொல்றாங்கண்ணே, என் கையில எதுவும் இல்ல." குளிக்கிறேன் சார். போகிற வழியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒரு கிழவன் குளிக்கிறேன் சார் என்று சொல்கிறான். கிழவன் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் கிழவன்தான். அன்றையிலிருந்து டூட்டிக்குக் கிளம்புமுன் இரண்டாம் தடவையும் குளியல், வேப்பிலை சோப்பு, பவுடர், என் பொண்டாட்டி காஞ்சனா வாசலில் நின்று, "என்னா, பொண்ணு பார்க்கப் போறியா" என்கிறாள். என்மேல் வாடை வருதா என்று அவளைக் கேட்டேன். கழுத்தில் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "உன் வாடைதான் வருது" என்றாள். அது என்ன வாடை என்று கேட்க தைரியம் வரவில்லை. அவள் கட்டித் தந்த மல்லிச்சரத்தை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன், டேஷ்போர்டு முருகனுக்குத் தினமும் சாயந்தரம் புதுச் சரம், நேற்றைய சரத்தை எடுத்து முன்கண்ணாடிக்கு வெளியே, வைப்பருக்குக் கீழே இருக்கிற அந்த விளிம்பில் வைத்துவிடுவேன். சாமிக்குப் போட்ட பூ கால்ல படக்கூடாது என்பாள் காஞ்சனா. எங்கள் மாடி வீட்டில் செடி கொடி ஏது, அடியில் போட. ரோட்டில் வேகம் பிடித்தால் காற்று எடுத்துக்கொண்டு போய்விடும், யார் காலிலும் படாது.

"கேஸ் இருக்குது தலைவா" என்கிறான் எட்வின். சிவப்புக் குழாயும் நீலக் குழாயும் மாட்டின கேஜைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான், டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "நீ வந்து நின்னதும் நான் என்ன சொன்னேன்?" "கேஸ் போச்சுன்னு சொன்ன." "கேஸ் போகலைன்றேன் இப்ப. மனுஷன் மாறக் கூடாதா?" கம்ப்ரஸரும் பிடிக்கிறது, டக் என்று ஒட்டிக்கொள்கிற சத்தம் எனக்கே கேட்கிறது. கொஞ்ச நேரம் சும்மா நின்று என்ஜினைக் கேட்கிறான், உள்ளே போகிற பெரிய குழாயைத் தொட்டுப் பார்க்கிறான், "இங்க வா, தொடு" என்கிறான். இறங்கிப் போய்த் தொடுகிறேன், வெள்ளையாகப் பனி படர்ந்திருக்கிறது அந்த இடத்தில், இந்த வெயிலில், விரல் ஒட்டுகிற குளிர். "இங்க ஐஸ் கட்டுது, உள்ள உனக்கு வேர்க்குது. ஏன்?" கேள்வி கேட்கிற வாத்தியார்களை எனக்குப் பிடிக்காது, அதனால்தான் பள்ளிக்கூடத்தை விட்டேன், எல்லாம் நானே கற்றுக்கொண்டது, ஓட்டுவது, இங்கிலீஷ், ஃபோனில் வீடியோ பார்த்து ஏசியும். "காத்து போகலை" என்கிறேன். "ஆங்! குளிரு ரெடியா நிக்குது, எடுத்துட்டு வர ஆளில்ல. கூலிங் காயிலை எதுவோ அடைச்சிக்கினு இருக்குது. பழைய வண்டி, ஃபில்டர் கிடையாது, வெளிக்காத்தோட எது வந்தாலும் நேரா உள்ளதான் போவும்." சொல்லிவிட்டு மூக்கைச் சுருக்கி, "இந்த நாத்தத்துக்கு எலிதான். பூந்து செத்திருக்கும்" என்கிறான். எலி. அந்த வார்த்தை என் நெஞ்சுக்குள் ஒரு தம்ளர் தண்ணீர் மாதிரி இறங்குகிறது. எலி என்றால் நானில்லை. எலி என்றால் எனக்குள் எதுவும் அழுகவில்லை, சர்க்கரை ஏறிக் காலில் புண் வந்து எனக்கே தெரியாமல் நாறவில்லை, அப்படிச் செத்தவரை எனக்குத் தெரியும், எங்கள் தெருவில், ராத்திரியில் அந்தப் பயம்தான் வண்டிக்குள் எனக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறது. டேஷ்போர்டில் முருகன் நேற்றைய மல்லிக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறான். அப்பா, ஒரு எலியாவது இருக்கணும். நல்லா ஊதிப்போன பெரிய எலி. எலிக்காகச் சாமி கும்பிட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஆனால் எலி என்றால் மாமாவும் இல்லை. அந்த நினைப்பு அப்புறம்தான் வருகிறது, கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதத்தைப் பார்த்து முகம் சூடாகிறது. கோதண்டம் மாமா என் அக்கா புருஷன், நாகல்கேணியில் தோல் ஷாப்பில் ராத்திரி ஷிப்ட், சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுத்துப் போடுகிற வேலை, எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்தே அதுதான். அவர்மேல் அந்த வாடை இருக்கும், இருக்கத்தான் செய்யும், பச்சைத் தோலும் சுண்ணாம்பும் சேர்ந்தது, எனக்கு அது வாடையே இல்லை, அது மாமா வந்துவிட்டார் என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். ராத்திரி ஆட்கள் நாங்கள் இரண்டு பேரும்தான் எங்கள் குடும்பத்தில், ஊர் எழுந்திருக்கும்போது படுக்கப் போகிறவர்கள். ஏர்போர்ட்டை விட்டுக் கிளம்பும்போது அவர் ஃபோனுக்கு இரண்டு ரிங் விட்டுக் கட் பண்ணுவேன், நான் போய்ச் சேரும்போது தோல் ஷாப் கேட்டில் பீடியை அணைத்துக்கொண்டு நிற்பார், முன் சீட்டில் என் பக்கத்தில் ஏறுவார், வழியில் டீ, ஒரு பன், அவர் பாதி நான் பாதி. "நேத்து யாருடா வந்தா உன் வண்டியில" என்று கேட்பார், நான் சொல்வேன், கனடாவிலிருந்து வந்து அழுதுகொண்டே போனவள், ஹனிமூன் போய்ப் பேசாமல் திரும்பின ஜோடி, அவர் உலகமே என் பின் சீட்டு வழியாகத்தான் போகும். வருஷக்கணக்காக இப்படித்தான். எப்போது அவர் வாடை எனக்கு வாடையாயிற்று? சூப்பர்வைசர் ஃபோனை வைத்த அந்த நிமிஷம். குளிக்கிறேன் சார் என்று சொன்ன வாய் மூடவில்லை, அதற்குள் மனசு ஓடிப்போய் ஒரு ஆளைப் பிடித்துவிட்டது. நானில்லை, அவர்தான். சீட்டில் அவர் வாடை இறங்கியிருக்கிறது, ஏசி போட்டதும் அது எழுந்து சுற்றுகிறது. தானே படித்தவனுக்கு வருகிற வியாதி இது, முதலில் தோன்றினதையே கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொள்வது. காபித்தூளைக் கிண்ணத்தில் போட்டு சீட்டுக்கு அடியில் வைத்தேன். சென்ட் அடித்தேன். அப்புறம் கடையில் மேஜைக்குப் போடுகிற பிளாஸ்டிக் விரிப்பை வெட்டி வாங்கிவந்தேன்.

எட்வின் இடது முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் மண்டி போட்டு டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றுகிறான், உள்ளிருந்த என் சாமான்கள் வெளியே வருகின்றன, சீப்பு, பவுடர் டப்பா, சென்ட் பாட்டில், கோயில் விபூதி, இன்னொரு சென்ட் பாட்டில். "கல்யாண வீடு மாதிரி இருக்குதே" என்கிறான். நான் சிரிக்கிறேன். அன்றைக்கு மாமாவும் இப்படித்தான் ஒரு ஜோக் சொன்னார். விரிப்பைப் பின் சீட்டில் போட்டிருந்தேன், முன் சீட்டில் என் பையையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்து அடைத்திருந்தேன். கேட்டில் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், பின் கதவைத் திறந்து விட்டேன். பயணிக்குத் திறந்து விடுகிற மாதிரி. அவர் முன் கதவுப் பிடிமீது வைத்த கையை எடுத்தார். உள்ளே குனிந்து பார்த்தார். "என்ன மச்சான், புது வண்டி எடுத்துட்டியா? கவர் பிரிக்காமலே வச்சிருக்க" என்றார். "மழை ஒழுகுது மாமா, சீட்டு நனையுது, அதான்." "மழையா?" என்று அண்ணாந்து பார்த்தார். மேலே ஒரு பொட்டு மேகம் இல்லை, வெளுத்துக்கொண்டு வருகிற வானம், ஒரு விமானம் சக்கரத்தை மடக்கிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது. வேட்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார், சரக், நான் நாலு கண்ணாடியையும் இறக்கினேன், டீக்கடை வந்தது, நிறுத்தலாமா என்று கேட்டேன், "இன்னிக்கு வேணாம், உனக்குத் தூக்கம் வருது" என்றார். எனக்குத் தூக்கம் வருகிறதாம். அவர் வீட்டு வாசலில் இறங்கினவர் திரும்பி விரிப்பின் மேல் தன் கையால் ஒரு தடவை துடைத்துவிட்டுப் போனார். அந்தக் கை, அந்தத் துடைப்பு, அதை நான் ஒவ்வொரு சிக்னலிலும் பார்க்கிறேன். அடுத்த நாள் இரண்டு ரிங் விட்டேன், கேட்டில் அவர் இல்லை. அதற்கு அடுத்த நாள் ரிங் விடவில்லை. நிம்மதியாகக்கூட இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும், நிம்மதியாக இருந்தது. ஆனால் வாடை போகவில்லை. அவர் இல்லாத வண்டியில் அது முன்னைவிட அதிகமாக வந்தது, அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தது என்றே நினைக்கிறேன், ஆனால் அவர் இல்லையென்றால் பாக்கி இருப்பது நான்தானே, அதனால் தெரியாமல் வைத்துக்கொண்டேன்.

ஃபோன் அடிக்கிறது. அக்கா. எடுக்காமல் விடலாமா என்று பார்க்கிறேன், எட்வின், "எடு தலைவா, கையிலேயே அதிருது" என்கிறான். அலமேலு அக்கா எப்போதும் பாதியிலிருந்துதான் பேச ஆரம்பிப்பாள். "ஏண்டா, டூட்டி நேரத்தை மாத்திட்டாங்களாமே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?" "யாரு சொன்னா?" "உங்க மாமாதான். ஏர்போர்ட்டுல இவனுக்கு நேரம் மாறிடுச்சு, பாவம் அலையறான், நானே பஸ்ல வந்துடறேன்னுட்டாரு. அவரு வந்து சேர்றதுக்குள்ள இட்லி கல்லாயிடுது." பாவம் அலையறான். என் பொய்க்கு மேல் அவர் ஒரு பொய் போட்டு மூடியிருக்கிறார், எனக்குப் போர்த்தி விடுகிற மாதிரி. "இருக்கியாடா? இன்னொரு கூத்து கேளு. இந்த வயசுல சந்தன சோப்பு வாங்கியாரச் சொல்றாரு. வேலை முடிஞ்சதும் அங்கியே தேய்ச்சித் தேய்ச்சிக் குளிச்சிட்டு மாத்துச் சட்டை போட்டுக்கினு வர்றாருடா! நான் கேட்டேன், யாருய்யா அவ, பஸ்ல உன் பக்கத்துல வந்து உக்கார்றவ?" அவள் சிரிக்கிறாள். நல்ல சிரிப்பு அவளுக்கு, சின்ன வயசிலிருந்தே, தொண்டையிலிருந்து குபுக்கென்று வரும். "என்ன சொன்னாரு" என்கிறேன், என் குரல் யாருடையதோ போல இருக்கிறது. "என்ன சொல்வாரு, தலையைத் துவட்டிக்கினே சிரிக்கிறாரு. தூங்கறாரு, எழுப்பட்டா?" "வேணாம்கா. எழுப்பாத. வேணாம்." "உனக்கு ஏன் குரல் ஒரு மாதிரி இருக்குது? தூங்கு போ." வைத்துவிட்டாள். சந்தன சோப்பு. எனக்கு வேப்பிலை, அவருக்குச் சந்தனம். பல்லாவரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு மனுஷர்கள் தங்களைத் தோல் உரியத் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். என்னைத் தேய்க்க வைத்தவன் யாரோ முகம் தெரியாத பயணி. அவரைத் தேய்க்க வைத்தவன் நான்.

"இந்தா, உன் எலிக்கு வாலு" என்கிறான் எட்வின். புளோயரைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டான், அணில்கூண்டுச் சக்கரம் மாதிரி ஒன்று, அதன் அச்சில் என்னவோ சுற்றிச் சுற்றி இறுகியிருக்கிறது. வால் இல்லை. நூல். பூ கட்டுகிற நூல். அழுக்கேறிக் கறுத்து, ஆனால் இடையிடையே முடிச்சு, ஒவ்வொரு முடிச்சிலும் காய்ந்த காம்பு. சக்கரத்தின் பற்களுக்கு நடுவே பழுப்பாகக் காய்ந்த இதழ்கள், எட்வின் ஊதினதும் அவன் முகத்திலேயே பறக்கின்றன, சரக், சரக், அந்தச் சத்தம்தான். நூல் முனை பெட்டியில் தட்டுகிறதுதான் டிக். அவன் இன்னும் புரியாமல் உள்ளே கையை விடுகிறான், தோள்வரை போகிறது கை, முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டு துழாவுகிறான், ஒரு கைப்பிடி வெளியே வருகிறது, இன்னொரு கைப்பிடி, தட்டில் போடுகிறான், கறுப்பும் பழுப்புமாகக் கூழ், நாரோடு சேர்ந்து பாய் மாதிரி பின்னிக் கிடக்கிறது. அந்த வாடை கொட்டகை முழுக்க எழுகிறது, இனிப்பு மாதிரி ஆரம்பித்துக் குமட்டலில் முடிகிற வாடை. கூழின் நடுவில் நேற்றோ முந்தாநாளோ போன ஒரு சரம், இன்னும் முழுசாக அழுகாமல், மஞ்சளாகிப்போன மொட்டு வரிசை, காஞ்சனா கட்டுகிற கட்டு, இரண்டு மொட்டு இப்படி இரண்டு மொட்டு அப்படி, ஊரில் எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். "பூவு!" என்கிறான் எட்வின். "யோவ், பூவுய்யா! எங்கிருந்து இவ்ளோ பூவு?" எழுந்து போய் முன்கண்ணாடிக்கு வெளியே விளிம்பைப் பார்க்கிறான், வைப்பருக்குக் கீழே காற்று உள்ளே போகிற சல்லடை, பழைய பிளாஸ்டிக், ஒரு பக்கம் உடைந்து கை நுழைகிற ஓட்டை. நேற்று நான் வைத்த சரம் பாதி உள்ளே பாதி வெளியே தொங்கிக்கொண்டிருக்கிறது. "இங்க எவன்டா பூ வெக்கிறது?" "நான்தான்." "ஏன்?" "கால்ல படக்கூடாதுன்னு." அவன் என்னைப் பார்க்கிறான். பிறகு சிரிக்க ஆரம்பிக்கிறான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "சூப்பர் தலைவா. காலுல படல. நேரா மூக்குல பட்டுச்சு!"

நானும் சிரிக்கிறேன். சிரிக்கச் சிரிக்க உள்ளே ஏதோ அவிழ்கிறது. நானில்லை, என் காலில்லை, என் ரத்தமில்லை, என் மூச்சு வெறும் மூச்சுதான், சூப்பர்வைசர் தம்பிக்கு ஃபோன் போட்டுச் சொல்லலாம், பூ சார், சாமி பூ சார். எவ்வளவு நேரம் அது, ஒரு ரயில் பக்கத்தில் கடந்து போகிற நேரம். கொட்டகை அதிர்ந்து அடங்கினதும் அது போய்விட்டது, அதற்குக் கீழே இருந்தது வெளியே நிற்கிறது. எலியாக இருந்திருக்கலாம். எலி தானாக வரும், தானாகச் சாகும், அதில் யார் கையும் இல்லை. இது நான் என் கையால் தினமும் வைத்தது. வாடிய மல்லியைக் காலில் படாமல் காப்பாற்றத் தெரிந்தது எனக்கு, அதற்கு இடம் தேடி, காற்றைத் துணைக்குக் கூப்பிட்டு. காற்று எடுத்துப் போகவில்லை. எனக்குள்தான் ஊதியது. எட்வின் வண்டிக்கு அடியில் படுத்துத் தண்ணீர் வடிகிற குழாயில் கம்பியை விட்டுக் குத்துகிறான், முதலில் ஒன்றும் வரவில்லை, பிறகு தொண்டை திறந்த மாதிரி ஒரு சத்தத்தோடு கறுப்புத் தண்ணீர் கொட்டுகிறது, சிமெண்டுத் தரையில் ஓடி என் செருப்பைத் தொடுகிறது, காலை நகர்த்தவில்லை. மாமாவிடம் சொல்ல வேண்டும். என்ன சொல்வது? மாமா, அது பூ. எது? அந்த வாடை. எந்த வாடை மச்சான்? அங்கேயே நின்றுவிடுகிறது. பூ என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு முன்னால் நீங்கள் என்று நினைத்தேன் என்று சொல்ல வேண்டும், அவர் அதைக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டுப் பரவாயில்லை மச்சான் என்று எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும், அந்த வேலையும் அவருக்கே. இப்போது வரைக்கும் மழை ஒழுகுகிறது, எனக்கு நேரம் மாறிவிட்டது, இரண்டு பொய் சேர்ந்து ஒரு கூரை மாதிரி நிற்கிறது, அதன் கீழே அவர் தலையைத் துவட்டிக்கொண்டு சிரிக்கிறார். பிரித்துப் போட்டால் யார் நனைவது? இன்னொன்றும் இருக்கிறது. பூ இல்லாமல் நிஜமாகவே அவர் வாடையாக இருந்திருந்தால்? அப்போது நான் செய்தது சரியாகிவிடுமா?

காயிலைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினான், சோப்பு நுரை வெள்ளையாகப் போய்ப் பழுப்பாக வந்தது, திரும்பவும் போய் வெள்ளையாகவே வந்தது. புளோயரை மாட்டினான், உடைந்த சல்லடைக்கு வலைக்கம்பியை வெட்டி வைத்துக் கட்டினான். "இனிமே பூவை உன் தலையில வச்சிக்க" என்றான். இப்போது வண்டிக்குள் உட்காரச் சொல்கிறான். உட்கார்ந்து கதவை மூடுகிறேன். ஃபேனை வைக்கிறேன். சத்தமே இல்லை, காற்று மட்டும், முதலில் சூடாக, பிறகு ஈரமாக, பிறகு நிஜமாகவே குளிர்ந்து, முழங்கையில் மயிர் எழுந்து நிற்கிறது. எந்த வாடையும் இல்லை. பழக்கத்தில் காலரை நோக்கிக் குனிகிறேன், பாதியில் நிறுத்திக்கொள்கிறேன். இந்தக் குளிரில் இப்போது பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்தால் அந்தச் சுண்ணாம்பு வாடை லேசாக வரும். வரட்டும். வந்தால் என்ன. அது இல்லாமல் வண்டி வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. எட்வின் கண்ணாடியைத் தட்டுகிறான். "குளிருது போல, முகமே மாறிடுச்சி. இந்தக் கூழைக் கட்டிப் போடணும், நாறுது, கவர் ஏதாவது வச்சிருக்கியா?" யோசிக்காமலே கை சீட்டுக்கு அடியில் போகிறது. இழுக்கிறேன், சரக் என்கிறது. "இவ்ளோ பெரிசா! நல்லா இருக்குதே, வேணாமா உனக்கு?" "வேணாம்." அவன் அதைத் தரையில் விரித்துத் தட்டைக் கவிழ்க்கிறான், கூழும் நூலும் காஞ்சனாவின் மொட்டு வரிசையும் அதன்மேல் விழுகின்றன, நான்கு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்டு மூலையில் வைக்கிறான். போகும்போது எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்கிறேன், எங்காவது ஒரு மரத்தடியில் மண்ணில் புதைத்துவிடலாம்.

நாளைக்கு விடியற்காலையில் இரண்டு ரிங் விடுவேன். அவர் கேட்டில் நிற்கலாம், நிற்காமல் போகலாம், ஈரத் தலையோடு மாத்துச் சட்டையில் பஸ் ஸ்டாப்பில் நிற்கலாம், அங்கே போய் நிறுத்தினால் என்ன சொல்வார், என்ன சொல்வேன், மழை நின்னுடுச்சு மாமா என்றா, அதையும் அவர் அண்ணாந்து பார்ப்பாரா, தெரியவில்லை. முன் சீட்டில் என் பையும் தண்ணீர் பாட்டிலும் அன்றையிலிருந்து உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. எடுத்துப் பின்னால் வைக்கிறேன். கொட்டகைக் குழாயில் எட்வினின் வாளியைப் பிடித்து, கதவில் செருகியிருக்கிற துணியை நனைத்துப் பிழிகிறேன். டூட்டி முடிந்ததும் தினமும் செய்கிற வேலைதான், இன்றைக்கு நேரமாகிவிட்டது. முன் சீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், சாய்மானம், உட்காரும் இடம், பிறகு கதவுப் பிடி.